நாலு கட்டமும் ஒரு கையெழுத்தும்

ஆங்கிலப் பேப்பர் கைக்கு வந்ததும் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு நேராகக் காமிக் ஸ்ட்ரிப் பக்கத்துக்குப் போகிற கட்சியைச் சேர்ந்தவன் நான். நாட்டு நடப்பு எங்கே ஓடிப் போகப் போகிறது? அது சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கும். நாலு கட்டத்துக்குள் ஒரு சிரிப்பு, மிஞ்சிப் போனால் இருபது செகண்டு. அதற்கப்புறம்தான் பட்ஜெட், கொலை, கிரிக்கெட் எல்லாம்.

இத்தனை வருஷம் படித்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தியாவின் ஆங்கிலத் தினசரிகளில் நாம் பார்த்துப் பழகிய ஸ்ட்ரிப்புகளை உருவாக்கியவர்கள் எல்லாம் இப்போது எங்கே? பீனட்ஸ் வரைந்த சார்ல்ஸ் ஷுல்ஸ் 2000இல் போய்ச் சேர்ந்தார். டென்னிஸின் அப்பா ஹாங்க் கெச்சம் 2001இல். ஹேகரை உருவாக்கிய டிக் ப்ரௌன் 1989இல். பீட்டில் பெய்லியின் மார்ட் வாக்கர் 2018இல். ப்ளாண்டியைத் தொடங்கிய சிக் யங் 1973லேயே. ஆனால் டென்னிஸுக்கு இன்னும் ஐந்தரை வயது. பீட்டில் இன்னும் சார்ஜென்ட்டிடம் உதை வாங்கிக்கொண்டிருக்கிறான். மகன்கள், உதவியாளர்கள், சம்பளத்துக்கு அமர்த்திய ஓவியர்கள் என்று யார் யாரோ வண்டியை ஓட்டுகிறார்கள்.

இதில் உனக்கென்ன கஷ்டம், சிரிப்பு வந்தால் சரிதானே என்று கேட்கலாம். கஷ்டம் இருக்கிறது. ஒரு ஸ்ட்ரிப் அதை வரைகிற கைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அந்தக் கை நின்றால் ஸ்ட்ரிப்பும் நிற்க வேண்டும், காலியான இடம் உயிரோடிருக்கிற இன்னொருவருக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல முதலில் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்க முறையில் கார்ட்டூனிஸ்ட் நேரடியாகப் பேப்பருக்கு வரைவதில்லை. நடுவில் சிண்டிகேட் என்று ஒரு கம்பெனி. கார்ட்டூனிஸ்ட் வரைந்து கொடுக்க, அது ஊர் ஊராக, நாடு நாடாகப் பேப்பர்களுக்கு விற்கும். வருமானத்தில் பாதிக்குப் பாதி என்பது பழைய வழக்கம். பேப்பரின் விற்பனையைப் பொறுத்து விலை. ஒரே படம் ஆயிரம் பேப்பருக்குப் போவதால் ஒவ்வொரு பேப்பருக்கும் விலை மலிவு. உள்ளூர் ஆளை வேலைக்கு வைத்தால் மாசாமாசம் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். நம் ஆங்கிலப் பேப்பர்களில் அமெரிக்கக் குழந்தையும் நார்வேக் கடற்கொள்ளைக்காரனும் குடியேறியதன் ரகசியம் பெரிசாக ஒன்றுமில்லை, இந்த மலிவு விலைதான்.

அந்தப் பக்கம் கார்ட்டூனிஸ்டுக்கோ வாரத்துக்கு ஆறு தினசரி ஸ்ட்ரிப், ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிசாக ஒன்று. பல வாரம் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். தீபாவளி லீவு, மெடிக்கல் லீவு எதுவும் கிடையாது. நாமெல்லாம் மூன்று மாசத்துக்கு ஒரு ரிலீஸ் என்றாலே புலம்புகிற ஜாதி. தினம் ஒரு ரிலீஸ், அதுவும் வாழ்நாள் முழுக்க என்றால்?

ஷுல்ஸ் அதைத்தான் செய்தார். 1950 அக்டோபர் 2ஆம் தேதி ஏழே ஏழு பேப்பர்களில் பீனட்ஸ் தொடங்கியது. முடியும்போது 17,897 ஸ்ட்ரிப். நடுவில் பெரிய ஓய்வு என்றால் 1997 கடைசியில், எழுபத்தைந்து வயதானதற்காக எடுத்துக்கொண்ட ஐந்து வாரம். உதவிக்கு ஆள் வைக்கவில்லை. யோசிப்பது, வரைவது, மை போடுவது, எழுத்து எழுதுவது எல்லாம் அவர் ஒருத்தர்தான். வயதான காலத்தில் கை நடுக்கம் வந்துவிட்டது. பிற்கால ஸ்ட்ரிப்புகளை உற்றுப் பாருங்கள், சார்லி ப்ரௌனின் தலைக்கோடு லேசாக அலை அடிக்கும். அப்போதும் பேனாவை இன்னொருவர் கையில் கொடுக்கவில்லை.

இத்தனை உழைத்தவருக்குத் தன் ஸ்ட்ரிப்புக்குப் பேர் வைக்கிற உரிமைகூட இல்லை என்பதுதான் வேடிக்கை. அவர் கேட்டது லில் ஃபோக்ஸ். சிண்டிகேட் வைத்தது பீனட்ஸ். கடைசி வரைக்கும் அந்தப் பேர் அவருக்குப் பிடிக்கவில்லை. நாலும் சம அளவுக் கட்டமாக இருந்ததுகூட வியாபார ஏற்பாடுதான். நீளமாகவோ, மேலிருந்து கீழாகவோ, சதுரமாகவோ எப்படி வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம், இடம் மிச்சம் என்று சொல்லி எடிட்டர்களிடம் விற்றார்கள். அந்தக் கட்டாயத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் ஐம்பது வருஷம் தனிமையையும் தோல்வியையும் நிறைவேறாத காதலையும் வரைந்தார்.

1999 டிசம்பரில் புற்றுநோய் காரணமாக ஓய்வை அறிவித்தார். 2000 பிப்ரவரி 12 ராத்திரி இறந்தார். அவருடைய கடைசி ஞாயிறு ஸ்ட்ரிப் மறுநாள் காலையில் பேப்பரில் வந்தது. தனக்குப் பிறகு வேறு யாரும் பீனட்ஸ் தினசரி ஸ்ட்ரிப் வரையக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதனால் அப்புறம் பேப்பர்களில் வருவதெல்லாம் அவர் வரைந்த பழைய ஸ்ட்ரிப்புகள்தான். கையெழுத்தாவது அவருடையது. அந்த மட்டில் மரியாதை.

இன்னொருவர் பில் வாட்டர்சன். கால்வின் அண்ட் ஹாப்ஸ் தெரியாதவர்கள் யாராவது இருந்தால் இதைப் பாதியில் விட்டுவிட்டு அதைப் போய்ப் படியுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். மனுஷன் முதலில் ஒரு பேப்பரில் அரசியல் கார்ட்டூனிஸ்டாகச் சேர்ந்து சில மாசத்திலேயே வெளியே அனுப்பப்பட்டார். அப்புறம் மளிகைக்கடை விளம்பரங்களுக்கு லேஅவுட் போடுகிற வேலை. ஜன்னல் இல்லாத ஆபீஸ். ராத்திரியில் ஸ்ட்ரிப் வரைந்து அனுப்புவார், திரும்பி வரும். ஒரு சிண்டிகேட் கடைசியில் ஒரு வழி சொன்னது: எங்களிடம் ரோபோமேன் என்று ஒரு பொம்மைப் பாத்திரம் இருக்கிறது, அதை உன் ஸ்ட்ரிப்பில் சேர்த்துக்கொள், வேலை உனக்கு. கையில் காசில்லாத இருபத்திச் சொச்சம் வயதுப் பையன். மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

1985 நவம்பரில் வேறொரு சிண்டிகேட் மூலம் கால்வின் வந்தான். ஹிட். உடனே டீ ஷர்ட், காபிக் கோப்பை, ஹாப்ஸ் பொம்மை என்று பேச்சு ஆரம்பித்தது. வாட்டர்சன் அதற்கும் மாட்டேன் என்றார். ஹாப்ஸ் நிஜப்புலியா, பஞ்சுப்பொம்மையா என்ற கேள்வியில்தான் அந்த ஸ்ட்ரிப்பின் உயிரே இருக்கிறது. கடையில் பஞ்சுப்பொம்மை தொங்கினால் கேள்வி அங்கேயே செத்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் சிண்டிகேட்டிடம் இருந்தது. வருஷக்கணக்கில் சண்டை. கடைசியில் ஒப்பந்தத்தைத் திருத்தி உரிமையை அவரிடமே கொடுத்தார்கள்.

அடுத்த சண்டை இடத்துக்கு. ஞாயிறு ஸ்ட்ரிப்பின் மேல்வரிசையை எடிட்டர் தன் வசதிக்கு வெட்டி எறியலாம் என்பது அங்கே வழக்கம். அதனால் வெட்டினாலும் கதை கெடாத மாதிரி ஒப்புக்கு இரண்டு கட்டம் வரைய வேண்டும். வெட்டப்படும் என்று தெரிந்தே ஒன்றை வரைவது எவ்வளவு பெரிய அவமானம்! 1991இல் நீண்ட விடுப்பில் போன வாட்டர்சன் 1992இல் திரும்பி வந்தபோது, ஞாயிறு ஸ்ட்ரிப் வெட்ட முடியாத அரைப்பக்கம், உள்ளே கட்டங்களை எப்படி அமைப்பது என்பது என் இஷ்டம் என்ற நிபந்தனையோடு வந்தார். சில எடிட்டர்கள் கத்தினார்கள். ஆனால் அதற்கப்புறம் வந்த ஞாயிறு ஸ்ட்ரிப்புகளில் டைனோசரும் விண்வெளியும் பக்கம் முழுக்க விரிவதைப் பார்த்தால் அவர் எதற்காகச் சண்டை போட்டார் என்று புரியும். 1995 டிசம்பர் 31, கடைசி ஸ்ட்ரிப். 2,400க்கும் மேலான பேப்பர்களில் ஓடிக்கொண்டிருந்ததைப் பத்தே வருஷத்தில் அவரே நிறுத்தினார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கார்ஃபீல்டின் ஜிம் டேவிஸ். 1978இல் தொடங்கும்போதே விற்கிற மாதிரி ஒரு பாத்திரம் வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பூனையைப் பிடித்தார். அதை அவர் மறைத்ததும் இல்லை. பாஸ் என்று கம்பெனி ஆரம்பித்து, ஆட்களை வைத்து வரையச் செய்து, 1994இல் உரிமையையும் சிண்டிகேட்டிடமிருந்து வாங்கி, 2019இல் மொத்தத்தையும் வயாகாமுக்கு விற்றார். எனக்கு அந்தப் பூனை மீது பெரிய பிரியம் இல்லை. ஆனாலும் டேவிஸை நான் குறை சொல்ல மாட்டேன். உரிமை அவர் கையில் இருந்தது, அவர் விற்றார். வாட்டர்சன் கையில் இருந்தது, அவர் விற்கவில்லை. முடிவு யாருடையது என்பதுதான் முக்கியம்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நம்மூருக்கு என்ன என்று கேட்டால், இங்கே இதைவிடச் சுவாரசியமான வழக்கே நடந்திருக்கிறது. ஆபீஸில் கோட்டயத்துக்காரச் சேட்டன் ஒருவர் இருக்கிறார். மலையாள மனோரமா வார இதழை அவர்கள் வீட்டில் எல்லாரும் பின்னட்டைப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார்களாம்.

"ஏன் சேட்டா, ஜோசியமா?"

"ஜோசியமா! போபனும் மோளியும்டா. அது படிச்சிட்டுத்தான் பாக்கி எல்லாம்."

போபனும் மோளியும் டாம்ஸ் என்கிற வி.டி. தாமஸ் வரைந்த ஸ்ட்ரிப். வீட்டு முற்றத்தைக் குறுக்குவழியாகப் பயன்படுத்திய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து உருவாக்கியது. 1957இல் பாத்திரங்கள் பிறந்துவிட்டன. அப்புறம்தான் அவர் மனோரமாவில் வேலைக்குச் சேர்ந்தார். 1987இல் அங்கிருந்து வெளியே வந்து கலாகௌமுதியில் அதே பிள்ளைகளை வரையத் தொடங்கியதும் மனோரமா கோர்ட்டுக்குப் போனது. பாத்திரங்கள் எங்களுக்குச் சொந்தம், நீ வரையக் கூடாது என்று வாதம். இன்னொரு பக்கம் வேறு ஓவியரை வைத்து அதே ஸ்ட்ரிப்பைத் தொடர்ந்தது. தான் பெற்ற பிள்ளைகளைத் தானே வரையக் கூடாது என்று ஒரு மனுஷன் மேல் தடை வாங்குகிறார்கள், யோசித்துப் பாருங்கள். கீழ்க் கோர்ட்டில் தடையும் கிடைத்தது. கேரள உயர்நீதிமன்றம் 1988இல் வேறு மாதிரி சொன்னது: வேலைக்குச் சேரும் முன்பே பாத்திரங்கள் இருந்தன, வேலையை விட்ட பிறகு அவர் வரைவதைப் பழைய முதலாளி தடுக்க முடியாது. பிற்பாடு போபனும் மோளியும் டாம்ஸ் வீட்டுக்கே திரும்பினார்கள். தன் பெயரிலேயே பதிப்பகம் நடத்தி அவர்களை வெளியிட்டார். 2016இல் காலமானார். காப்பிரைட் சட்டம் படிக்கிற மாணவர்களுக்கு இன்றைக்கும் இந்த வழக்கு பாடம்.

இந்த இடத்தில் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் 1957 காப்பிரைட் சட்டம் 17ஆவது பிரிவுப்படி, சாதாரணக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை செய்யும்போது உருவாக்குவது கம்பெனிக்குச் சொந்தம். நாம் அடிக்கிற கோடு எல்லாம் இந்தக் கணக்கு. ஆனால் பத்திரிகை ஊழியருக்கு மட்டும் கொஞ்சம் கருணை. பத்திரிகையில் வெளியிடுகிற உரிமை முதலாளிக்கு, புத்தகம் உள்ளிட்ட மற்ற உரிமையெல்லாம் உருவாக்கியவருக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்று ஒரு வாசகம் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் நீட்டுகிற நாற்பது பக்கக் காகிதத்தில் எங்கே எதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள்? நாம் பார்த்தோமா? நமக்காவது மாசச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. பாத்திரத்தைத் தவிர வேறு சொத்தில்லாதவருக்கு அந்த ஒரு வரி தலையெழுத்து.

நான் பிழைப்பு நடத்தும் புனேயில் சிம்பயாசிஸ் வளாகத்துக்குள் கட்டம்போட்ட கோட்டுடன் காமன்மேன் சிலை நிற்கிறது. ஆர்.கே. லக்ஷ்மண் 1951இல் தொடங்கிய ஒரு பத்திப் படத்தை அரை நூற்றாண்டுக்கும் மேல் வரைந்தார். 2015 ஜனவரி 26இல் இதே ஊரில் இறந்தார். காமன்மேனுக்கு அஞ்சல்தலை வந்தது, ஏர் டெக்கான் விமானத்தில்கூட ஏறினார். ஆனால் லக்ஷ்மண் மாதிரி ஒரு நிறுவனம் நாற்காலி போட்டு உட்கார வைத்தது விதிவிலக்கு. ஜி. அரவிந்தன் 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் 'சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்' வரைந்தபோது சோறு போட்டது ரப்பர் போர்டு உத்தியோகம். வேலை தேடி அலைந்த ராமு என்ற பையன் வருஷம் போகப்போக வயதாகி, பணம் சேர்த்து, கறைபடிந்த ஆளாக மாறுவதை ஒரு நாவல் மாதிரி வாராவாரம் வரைந்தவர், பின்னால் சினிமா இயக்குநராக நமக்குத் தெரிந்தார். மஞ்சுளா பத்மநாபனின் சுகி எண்பதுகளில் பம்பாய் சண்டே அப்சர்வரில் வந்தாள், நின்றாள். தொண்ணூறுகளில் பயனியரில் வந்தாள், நின்றாள். நகரத்தில் தனியாக வாழும் ஒரு இந்தியப் பெண்ணின் மனசு ஸ்ட்ரிப்பாக வந்தது அபூர்வம். அவளுக்கு நிரந்தரமாக நாலு கட்டம் கொடுக்க நம் பேப்பர்களுக்கு மனசில்லை. ப்ளாண்டிக்கு உண்டு!

தமிழுக்கு வருவோம். தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய கன்னித்தீவு தலைமுறைகளைத் தாண்டி ஓடியது. முடியாமல் இழுக்கிற எதையும் கன்னித்தீவு என்று சொல்கிற அளவுக்கு மொழிக்குள்ளேயே போய்விட்டது. சிந்துபாத் தெரியும், லைலா தெரியும், மந்திரவாதி மூசா தெரியும். வரைந்தவர்கள் பேர்? டீக்கடையில் பத்துப் பேரைக் கேளுங்கள். விகடனில் மதனின் ரெட்டைவால் ரெங்குடு என்றால் பையனோடு சேர்த்து மதனும் ஞாபகத்துக்கு வருகிறார். கையெழுத்து தெரிகிற ஸ்ட்ரிப்புக்கும் தெரியாத ஸ்ட்ரிப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

என் கட்சிக்கு எதிராக நியாயமான வாதங்களும் இருக்கின்றன. அப்பா வைத்த கடையைப் பிள்ளை நடத்தக் கூடாதா? நடத்தலாம். வருஷக்கணக்கில் பேரில்லாமல் உதவியாளராக வரைந்தவருக்கு ஒரு நாள் கையெழுத்துப் போடும் வாய்ப்பு வந்தால் அது நியாயம்தானே? நியாயம்தான். வாசகருக்குப் பழகிய முகம் காலையில் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் கடைத்தெருவில் புதுக்கடை போட இடம் உண்டு. காமிக் பக்கம் வளர்வதில்லை, தேய்கிறது. இடம் காலியாக ஒரே வழி மரணம் என்று இருந்தது. அதையும் அடைத்துவிட்டால் இருபத்தைந்து வயதில் பேனாவோடு நிற்கிறவன் எங்கே போவான்? 1950இல் ஏழு பேப்பர்கள் ஒரு புதுப்பையனுக்கு இடம் கொடுக்காமல் பழசே போதும் என்றிருந்தால் ஸ்னூப்பி ஏது?

தேய்கிறது என்று சும்மா சொல்லவில்லை. நியூயார்க் டைம்ஸ் 2019 ஜூலையோடு தன் சர்வதேசப் பதிப்பில் அரசியல் கார்ட்டூனை நிறுத்தியது. 2022இல் லீ என்டர்பிரைசஸ் தன் பேப்பர்கள் பலவற்றில் காமிக்ஸை எல்லாருக்கும் ஒரே மாதிரியான அரைப்பக்கமாகச் சுருக்கியது. 2023 ஜூலையில் மெக்ளாட்சி நிறுவனம் ஜாக் ஓமன், ஜோயல் பெட், கெவின் சியர்ஸ் என்று மூன்று கார்ட்டூனிஸ்டுகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. மூன்று பேரும் புலிட்சர் வாங்கியவர்கள். புலிட்சர் வாங்கினவர்களுக்கே இந்தக் கதி.

இனி எல்லாம் இணையத்தில்தானே என்கிறார்கள். அங்கே உரிமை வரைகிறவனிடமே இருக்கிறது, சந்தோஷம். சிண்டிகேட் இல்லை, எடிட்டர் கத்தரி இல்லை. சம்பளமும் இல்லை. வரைந்து போட்ட அரைமணியில் கையெழுத்தை வெட்டிவிட்டு வாட்ஸப் குழுக்களில் சுற்ற விடுகிறோம். சிண்டிகேட் பாதியாவது கொடுத்தது. நாம் முழுசையும் எடுத்துக்கொள்கிறோம், பேரையும் சேர்த்து.

நம் பத்திரிகைகளிடம் நான் கேட்பது ரொம்பச் சின்னது. இன்றைக்கு இதை வரைந்தவர் யார் என்று ஸ்ட்ரிப்புக்குக் கீழே பேர் போடுங்கள். போட்டிருக்கிற ஐந்து ஸ்ட்ரிப்பில் ஒன்றை எடுத்துவிட்டு இந்த ஊரில், இந்த மொழியில், இந்த டிராஃபிக்கில் வாழ்கிற ஒருவருக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பாருங்கள். முதல் மாசம் சிரிப்பு வராது. பீனட்ஸுக்கும் முதலில் ஏழு பேப்பர்தான். ஒப்பந்தத்தில், வேலையை விட்டால் பாத்திரம் கூடவே போகும் என்று ஒரு வரி எழுதுங்கள். டாம்ஸ் மாதிரி எல்லாராலும் உயர்நீதிமன்றம் வரை போக முடியாது.

படிக்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிரித்து முடித்ததும் கடைசிக் கட்டத்தின் மூலையில் எறும்பு மாதிரி ஒரு கையெழுத்து இருக்கும். அதையும் படித்துவிடுங்கள், ஒரு செகண்டுதான் ஆகும். அடுத்தவருக்கு அனுப்பும்போது அந்த மூலையை மட்டும் வெட்டாதீர்கள்.